சீப்பும் துவாலையும்: சேர்வராயன் மலையில் நாய் பேணுதல்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வந்து சேரும் மனிதன், வண்டியை விட்டு இறங்கிய மாத்திரத்தில் ஒரு சால்வையைத் தேடுகிறான். அவனோடு கூடவே வந்த நாய்க்கோ, அது பிறந்தபோது உடுத்து வந்த ரோமத்தைத் தவிர வேறு போர்வை இல்லை. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சேலத்துச் சமவெளிக்கும், 1500 மீட்டர் உயரத்தில் ஏரியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் இவ்வூருக்கும் இடையே உஷ்ணம் ஏழெட்டு டிகிரி குறைகிறது. மழை இரு பருவக்காற்றுகளாலும் பெய்கிறது. மழை பெய்யாத நாளிலும் மாலையில் ஏரிப் பக்கமிருந்து எழும் மூடுபனி, கொடியில் உலர்த்திய துணியை மறுபடியும் ஈரமாக்கிவிட்டுப் போகிறது. இத்தகைய சீதோஷ்ணத்தில், வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நிறுத்தி நாலு வாளி நீர் ஊற்றிச் சோப்புப் போடுகிற சமவெளி வழக்கத்தை அப்படியே மலைமேல் கொண்டுவந்து, பிறகு நாய்க்குத் தோல் வியாதி ஓயவில்லையே என்று வருந்துகிறவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மலைநாட்டில் நாயை எவ்வாறு சுத்தமாக வைத்திருப்பது என்னும் கேள்வியை அடிமுதல் நுனிவரை ஒருமுறை ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களைப் பார்த்தே எனக்கு உண்டாயிற்று.

முதலில் நாயின் சரீரத்தைப் பற்றிய ஓர் அடிப்படை விஷயம். நாம் குளிப்பது பெரும்பாலும் வியர்வையைப் போக்கிக்கொள்ள. நாய்க்கோ உள்ளங்கால் மெத்தைகளைத் தவிர வேறெங்கும் சொல்லத்தக்க வியர்வை கிடையாது. அது தன் உஷ்ணத்தை நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே தணித்துக்கொள்கிறது. நம்முடைய தோலின் மேற்படலம் பத்துப் பதினைந்து வரிசை அணுக்களால் ஆனது என்றால், நாயினுடையது மூன்று முதல் ஐந்து வரிசைகளே கொண்டது. பார்வைக்கு முரடாகத் தோன்றும் அந்தப் பிராணியின் தோலின் மேற்படலம் நம்முடையதைக் காட்டிலும் மெல்லியது என்பதைப் பலர் அறியார். அந்த மெல்லிய தோலைக் காப்பதற்காகவே ரோமக் கால்கள்தோறும் ஒருவகை எண்ணெய் சுரந்து, மயிருக்கு வழவழப்பையும் மழைநீரை ஓரளவு வழியவிடும் தன்மையையும் கொடுக்கிறது. நாம் மேனிக்குப் போடும் சோப்பு காரம் மிகுந்தது. அது அழுக்கோடு அந்த எண்ணெயையும் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. எண்ணெய் போன தோல் வறண்டு பொடுகு உதிர்கிறது. பொடுகு உதிரும் நாய் சொறிகிறது. சொறியும் நாயை அழுக்கு நாய் என்று எண்ணி எசமானர் மறுபடியும் குளிப்பாட்டுகிறார். செக்கு மாடு போல் இந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ.

இங்கே நம் மொழி வழக்கும் சற்றே நம்மை வழி தவறச் செய்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. குதிரையை நாம் தேய்க்கிறோம், நாயைக் குளிப்பாட்டுகிறோம். குதிரைக்காரன் காலையும் மாலையும் தேய்ப்பதையே தன் தலையாய கடமையாகக் கொண்டான். நீர் ஊற்றுவது அவனுக்கு இரண்டாம்பட்சம். நாயின் விஷயத்தில் ‘குளிப்பாட்டுவது’ என்ற ஒரு சொல்லே எல்லாப் பராமரிப்பையும் விழுங்கிவிட்டபடியால், கோதுதல், வாருதல், நீவுதல் ஆகிய அருமையான சொற்களெல்லாம் வேறு காரியங்களுக்குப் போய்விட்டன. மலையில் நாய் வளர்ப்பவன் மீட்டுக்கொள்ள வேண்டியவை அந்தச் சொற்களும் அவை குறிக்கும் தொழில்களுமே. நாள்தோறும் சீப்பு; மாதத்துக்கொருமுறை, அதுவும் வெயில் கண்ட நாளில், நீர்; நீர் பட்டபின் தோல்வரை ஈரம் நீங்கத் துவட்டுதல். என் அபிப்பிராயத்தின் சாரம் இதுதான். இனி வருவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

எல்லா நாய்க்கும் ஒரே சீப்பு உதவாது. நம் நாட்டு ஜாதிகளான ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் வெயில் காயும் தென்பாண்டிச் சீமைக்கென்றே அமைந்தவை போல, உடலோடு ஒட்டிய குட்டை ரோமம் உடையவை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. அந்தப் பால்வெள்ளை மேனியைப் பளபளக்க வைக்க ஈரத்துணியும் ரப்பர்ப் பற்கள் வைத்த கையுறையுமே போதும். இந்த நாட்டு ஜாதிகள் அழுக்கை அதிகம் ஏந்துவதில்லை. ஆனால் குளிரைத் தாங்கவும் அறியா. அல்சேஷன், பொமரேனியன், லாப்ரடார் போன்ற சீமை ஜாதிகளுக்கோ மேலே முரட்டு மயிரும் கீழே பஞ்சு போன்ற உள்மயிருமாக இரட்டைப் போர்வை உண்டு. அந்த உள்மயிர், குளிருக்குக் கம்பளி. ஆயினும் ஒருமுறை தோல்வரை நனைந்துவிட்டால் ஈரத்தைக் கடற்பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுவே. உதிரும் காலத்தில் உதிர்ந்த உள்மயிரை அகலப் பல் சீப்பால் வாரி எடுக்காவிட்டால், அது மேல்மயிரோடு பின்னிச் சடையாகி, சடையின் அடியில் காற்றுப்படாத தோல் வெந்து புண்ணாகிறது. சடையைக் கண்டு பயந்து அல்சேஷனுக்கு மொட்டையடித்துவிடுகிறவர்களும் உண்டு, அது கூடாது. வெயிலையும் குளிரையும் ஒருங்கே தடுக்கும் அந்தப் போர்வை, வெட்டியபின் பழையபடி வளராமல் போவதும் உண்டு.

காப்பித் தோட்டங்களுக்கிடையே வாழும் நாய்க்குச் சீப்பு இன்னொரு காரணத்தாலும் இன்றியமையாதது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் ஊடே ஒரு காலைப்பொழுது சுற்றித் திரும்பும் நாயின் வயிற்றடியையும் தொடையின் பின்புறத்தையும் பார்த்தால், இம்மலையின் செடி கொடிகளில் ஒரு பகுதி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். தன் பெயரிலேயே நாயைச் சுமந்து நிற்கும் நாயுருவியின் விதைகள் ரோமத்தில் குத்தி ஒட்டிக்கொள்கின்றன. விரலிடுக்கில் புகுந்த புல்முனை ஒன்று ஒரு வாரத்தில் சீழ்க்கட்டி ஆகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். வேலியோரமெங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதர்களில் உரசிக்கொண்டு போகும்போது, அந்தச் செடியின் பெயருக்கேற்ப உண்ணியும் வந்து ஒட்டுகிறது.

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தோட்டத்தில் வெகுகாலம் காப்பிப் பழம் பறித்து வந்த மூதாட்டி ஒருத்தி, ஒருநாள் நான் என் நாயை முதுகோடு முதுகாகச் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்தாள். “முதுகு எப்பவும் நல்லாத்தானுங்க இருக்கும். அது ஒளிஞ்சிருக்கிற எடமே வேற” என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து, நாயின் முன்னங்காலைத் தன் மடியில் ஏந்தி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துக் காட்டினாள். கடுகளவில் இரண்டு, மிளகளவில் ஒன்று. பிறகு காது மடலின் உட்புறம், பிறகு கழுத்துப் பட்டையின் அடி, பிறகு வாலின் வேர், பிறகு அக்குள். கண்ணைக் கொஞ்சமும் நம்பாமல், பூக்கட்டுகிறவளின் விரல் நாரைத் தேடுவதுபோல, அவள் விரல்கள் ரோமத்துக்குள் தாமாகவே போய்த் தடிப்பைக் கண்டு நின்றன. அன்று கற்றுக்கொண்ட அந்த ஐந்து இடங்களை நான் இன்றுவரை விட்டதில்லை.

உண்ணியைச் சிறு தொல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா, பாபேசியா என்னும் நுண்ணுயிர்களை இரத்தத்தில் செலுத்தவல்லது. அதனால் வரும் காய்ச்சலில் நாய் உணவை மறுத்து, ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் இரத்தம் ஒழுகி, சில நாட்களிலேயே மாண்டுபோவதும் உண்டு. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கிச் சுவர் விரிசலிலோ படுக்கையின் மடிப்பிலோ ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. ஆகையால் நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணியை ஒழித்துவிடலாம் என்பது நடவாத காரியம். நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவதும், கருங்கல் சுவர்களின் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி அடைப்பதும் நாய்க் குளியலின் பகுதியே. ஒட்டிய உண்ணியை நகத்தால் நசுக்கக் கூடாது. தீக்குச்சியால் சுடவும் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிய தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்பு நீர் உள்ள கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். மாதமொருமுறை பிடரியில் விடும் துளி மருந்தும், உள்ளுக்குக் கொடுக்கும் மாத்திரையும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கால்நடை மருத்துவர் நாயின் எடையைப் பார்த்துச் சொல்லவேண்டும். துளி மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டினால் மருந்து வீணாகும்.

இந்த உண்ணிக்குப் பயந்து நம்மவர் செய்யும் சில கொடுமைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைப்பது, பினாயிலைக் கலந்து குளிப்பாட்டுவது, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் பொடியைத் தூவுவது முதலியவை எல்லாம் இன்றும் நடக்கின்றன. இம்மலையில் இன்னொன்றும் உண்டு: ஏரிக்கரைக் கடைகளில் சீசா சீசாவாக விற்கும் நீலகிரித் தைலத்தை, மணமாக இருக்கிறதே, பூச்சி அண்டாதே என்று நாயின் மேல் தடவிவிடுகிறார்கள். நம் ஜலதோஷத்துக்கு அது நல்ல மருந்து. நாய்க்கு அது விஷம். நாய் தன் மேனியில் பட்டது எதையும் நக்கியே தீரும் என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், எதைத் தடவலாம் எதைத் தடவக் கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதே காரணத்தால்தான், காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை தெளிக்கும் நாட்களிலும், பழம் அரைக்கும் பருவத்தில் தோல் குவித்த கிடங்குப் பக்கம் போய்வந்த பின்னும், முழுக் குளியல் வேண்டாவிட்டாலும் நாலு கால்களையும் வயிற்றையும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிடுவது அவசியம். காப்பியிலுள்ள காஃபீன் நாயின் இதயத்துக்கு ஆகாது.

இனிக் குளியல். ஏற்காட்டில் நாயைக் குளிப்பாட்டுவதற்கு உகந்த பொழுது காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள். அதற்கு முன் பனி முழுதும் விலகியிருக்காது. அதற்குப் பின் குளிப்பாட்டினால் மாலை மூடுபனி வருமுன் உள்மயிர் உலராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளியலையே ஒத்திப்போட்டுச் சீப்பையும் ஈரத்துணியையும் நம்புவதே விவேகம். இரண்டு மாதம் நிறையாத குட்டிகளுக்கும் ஈரத்துணிதான். குளிப்பாட்டுமுன் முழுவதும் வாரிச் சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும், பிறகு கத்தரிதான் கதி. காதுகளில் பஞ்சு உருண்டைகளை மெல்ல வைத்து, முழங்கையை நனைத்தால் சூடு தெரியாத அளவு வெந்நீரை, தலையில் அல்ல, கழுத்தில் தொடங்கி ஊற்றவேண்டும். முதல் நுரையைக் கழுத்தைச் சுற்றி ஒரு மாலை போல் போட்டுவிட்டால், தெள்ளுப்பூச்சிகள் நீருக்குப் பயந்து காதுக்கும் கண்ணுக்கும் ஓடுவது தடைப்படும். முகத்துக்குத் துணி போதும். பொறுமை வேண்டியது நுரையை அலசும் இடத்தில்தான்; அக்குளிலும் தொடையிடுக்கிலும் தங்கிய சிறிது நுரை, மறுநாள் சிவந்த தடிப்பாகக் கணக்குச் சொல்லும்.

எதைப் போட்டுக் குளிப்பாட்டுவது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சேலம் மாவட்டத்தில் உசிலை இலையை உலர்த்தி அரைத்த அரப்பு, தலைமுறை தலைமுறையாகத் தலை முழுகப் பயன்பட்டு வருகிறது. நாய்க்கும் அதுவே நல்லது என்பது ஒரு கட்சி. நாய்க்கென்று செய்த ஷாம்புவே வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பு இது. குட்டை ரோமமுள்ள நாட்டு நாய்களுக்கு, அரப்பை நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, கண்ணில் படாமல் தேய்த்து அலசினால் தீங்கில்லை. எண்ணெய்ப்பசையும் முற்றிலும் போய்விடாது. நீண்ட ரோமத்துக்கு அது ஆகாது. எத்தனை வாளி ஊற்றினாலும் அதன் பொடி உள்மயிரில் தங்கி அரிப்பை உண்டாக்குகிறது. அங்கே நாயின் தோலுக்கேற்பக் காரம் குறைத்துச் செய்த ஷாம்புவே சிறந்தது. பூந்திக்கொட்டை கண்ணைக் கரிக்கும், நக்கினால் வாந்தி வரும். அதைத் தவிர்ப்பது நலம். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரைக் கடைசியாக ஊற்றுவது நல்ல வழக்கம். ஆனால் அதனால் உண்ணி செத்துவிடும் என்று நம்பி வேறு மருந்தை விட்டுவிடலாகாது. தோலில் புண்ணோ வட்டமான சொட்டையோ கண்டால் ஷாம்பு எதுவென்று நாம் ஆராய்வது வீண். அது மருத்துவர் பார்க்கவேண்டியது.

துவட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. அதைச் சொல்வது எனக்கு வருத்தந்தான். தொங்கு காதுகள் கொண்ட ஸ்பானியல் நாய் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு கார்த்திகை மாதம் சேற்றில் புரண்டு வந்த அதைப் பிற்பகல் மூன்று மணிக்குக் குளிப்பாட்டினேன். துவாலையால் ஒருமுறை துடைத்துவிட்டு, கணப்படுப்பின் அருகே படுக்கவிட்டு, நெருப்பு இருக்கிறது, உலர்ந்துவிடும் என்று என் வேலையைப் பார்க்கப் போனேன். முதுகு உலர்ந்து பட்டுப்போல் மின்னிற்று. மூன்றாம் நாள் அது தலையை ஓயாமல் உதறியது. காது மடலைத் தூக்கினால் புளித்த மாவின் வாடை. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுக்கு. நாயின் காதுக்குழல் நேராகச் செல்வதில்லை. கீழே இறங்கி, பிறகு உட்புறம் மடங்குகிறது. அந்த மடக்கில் தங்கிய ஈரத்தில், தொங்கு காதின் மூடிக்கடியில், எப்போதும் சிறிதளவு வாழும் பூஞ்சை பெருகிவிட்டது. சேலத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பலமுறை இறங்கி ஏறி, ஒரு மாதம் மருந்திட்ட பிறகே அது குணமாயிற்று. அந்த ஒரு மாதமும் என் கை அதன் தலைப்பக்கம் போகும்போதெல்லாம் அது ஒதுங்கியது. அன்றிலிருந்து இரண்டு துவாலை, மூன்றாவதாக ஒரு பழைய வேட்டி; தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, காது, அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்து, பிறகே வெயிலில் விடுகிறேன். மின்சாரக் காற்றுக் கருவி வைத்திருப்பவர்கள் சூட்டைக் குறைத்து, ஓர் அடி தள்ளிப் பிடிக்கவேண்டும். காதுக்குள் குச்சி விடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடம் வரை பஞ்சால் துடைத்தால் போதும்.

நகத்தைப் பற்றிச் சில வார்த்தை. சேலத்துத் தார்ச்சாலையில் ஓடும் நாயின் நகம் தானே தேய்ந்துவிடுகிறது. இங்கே இலைச்சருகு மூடிய மெத்தென்ற மண்ணில் தேய்வதற்கு வழியில்லை. தரையில் நடக்கும்போது நகம் டக்டக்கென்று ஒலித்தால் வெட்டும் காலம் வந்துவிட்டது. நகத்தின் நடுவே இரத்தக்குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது, ஆகையால் நெல்லளவு நெல்லளவாகவே கத்தரிக்க வேண்டும். இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். தரையைத் தொடாமல் முன்னங்காலின் உட்புறம் இருக்கும் ஐந்தாவது நகத்தை மறந்துவிடுகிறவர்களே அதிகம்; அது வளைந்து சதைக்குள்ளேயே புகுந்துவிடும். பல்லுக்கு நாய்களுக்கென்றுள்ள பசையே வேண்டும். நம்முடையது அதன் வயிற்றுக்கு ஆகாது.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி மாறாது என்ற கருத்தில் நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. குளித்த நாய் உடனே ஓடிப்போய் மண்ணிலும் சாணத்திலும் புரள்வதைக் கண்டு எழுந்த மொழி அது. நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் கீழான குணம் எதுவும் இல்லை. மணமே அதன் உலகம்; தன் சொந்த மணத்தாலேயே அது தன்னை அறிகிறது. மல்லிகை மணமும் எலுமிச்சை மணமும் ஏற்றிய ஷாம்புவால் அந்த மணத்தைத் துடைத்துவிட்டால், இழந்ததைத் தேடி அது மண்ணில் புரள்வது இயல்பே. மணமில்லாத ஷாம்புவை வாங்கி, உலரும்வரை கயிற்றில் பிடித்துக்கொண்டு வெயிலில் உலாவினால், புரளும் ஆவல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

மே மாதத்தில் இங்கே நடக்கும் கோடை விழாவில் நாய்க் கண்காட்சியும் ஓர் அங்கம். அதற்கு முந்தின நாள் அவசரம் அவசரமாகக் குளித்து வந்த நாய்களையும், ஆண்டு முழுதும் சீப்புப் பட்ட நாய்களையும் மைதானத்தின் ஓரத்தில் நின்றே பிரித்துச் சொல்லிவிடலாம். முன்னதன் ரோமம் காற்றில் பறக்கும். பின்னதன் ரோமம் படிந்து கிடந்து வெயிலை வாங்கும். கை வைத்தால் முன்னது கூசி நெளியும், பின்னது நிற்கும். நாள்தோறும் ஒரு கை தன் மேனியெங்கும் ஊர்ந்து போவதற்குப் பழகிய நாய், நோய் வந்த நாளில் மருத்துவரின் கைக்கும் அஞ்சுவதில்லை.

ஆகவே, இம்மலையில் நாய் வளர்க்கும் நண்பர்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு எதுவும் இல்லை. பின்கட்டுக் கதவின் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, ஒரு சீப்பையும் ஒரு பழைய துவாலையையும் மாட்டி வையுங்கள். நாய் வெளியே போய் வரும் ஒவ்வொரு முறையும், அது வாசற்படி தாண்டி உள்ளே வருமுன், குனிந்து அதன் நாலு கால்களின் விரலிடுக்குகளையும் தொட்டுப் பாருங்கள்.